மூர்த்தி கரையேறும் காட்சி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இறங்கி எங்களுக்கு உட்கார இடம் கிடைத்த பிறகு, ஃபர்சானா சொன்னது.

"படமா எடுத்துட்டேன். முடிக்கத்தான் தெரியல. நீ கதையா எழுதிப் பாரேன். உன்னுதுல எப்படி முடியுதுன்னு பாத்துட்டு நானும் முடிச்சிக்கிறேன்."

அவள் எப்போது விளையாட்டாகப் பேசுகிறாள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'கடலுக்குப் போன மூர்த்தி அன்று சாயங்காலம் திரும்பி—'

இல்லை. அவர் திரும்பினாரா என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்க முடியாது.

2

ஃபர்சானாவிலிருந்து தொடங்குகிறேன். செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் நூர்முகமதுவின் மகள். ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, சென்னையில் ஒரு காபிக் கடை மாடியில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்யத் தொடங்கினாள். முதல் நாள் வந்திருந்தவர்களில் ஒருத்திதான் சிரித்தாள். தேவிப்பிரியா. கல்லூரித் தோழி, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துப் பெண். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலை வேலை. நிகழ்ச்சி இருக்கும் நாட்களில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் சென்னை ரயிலைப் பிடிப்பாள்.

தேவிக்கு எல்லா ஜோக்கும் முன்பே தெரியும். அதனால் ஃபர்சானா வாக்கியத்தை முடிப்பதற்குள் சிரித்துவிடுவாள். அதைக் கேட்டு அரங்கமும் சிரிக்கும்.

"என் டைமிங், என் டைமிங்னு சொல்றாங்களே, அது அவ வாய்ல கீது" என்பாள் ஃபர்சானா.

(இந்த இடத்தில் சிரிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.)

3

ஃபர்சானாவை ஊருக்குத் தெரியவைத்தது சாம்பார் ஜோக்.

மூர்த்தி, தேவியின் அப்பா. சாம்பார் என்றாலே ஆகாது அவருக்கு. ஒருநாள் கடலுக்குப் போனவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. மனைவி ஆதியம்மாளுக்குக் கோபம். "வரட்டும் அந்தாளு. இன்னிக்கு வூட்ல சாம்பாருதான்!" மறுநாளும் வரவில்லை. மறுநாளும் சாம்பார். தெருவே வந்து 'பாவம், வுட்டுடு ஆதி' என்கிறது. அவள் பருப்பை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறாள். கடைசியில் மூர்த்தி வருகிறார். வாசலில் நின்று மோந்து பார்க்கிறார். அப்படியே திரும்பி, படகைத் தள்ளிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போய்விடுகிறார்.

அரங்கம் அதிரும். வீடியோ எங்கெங்கோ போனது. வெளியூர் மேடைகள் வந்தன. கடைசியில், இதையே படமாக எடுக்கச் சொல்லி ஒரு தயாரிப்பாளரும் வந்தார்.

உண்மையில் மூர்த்தி வரவில்லை. தேவி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாம்பார் மட்டும் உண்மை.

தேவியேதான் இதை, ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும் ரயிலில், ஃபர்சானாவிடம் சொன்னாள். சொல்லிச் சிரித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடையில சொல்லிக்கோடி. ஆனா அவரு வந்துட்டாருன்னு முடி" என்றாள்.

4

படப்பிடிப்புக்குத் தேவி தன் அம்மாவின் வீட்டையே கொடுத்தாள். ஆதியம்மாள் மானிட்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூர்த்தியாக நடித்தவர் பன்னீர்செல்வம் என்ற நாடகக்காரர். ஒத்திகையில், தோளில் வலையோடு, ஈரக் கைலி காலில் ஒட்ட, மணலில் ஏறி வந்தார். மோந்து பார்த்தார். திரும்பினார். மொத்த யூனிட்டும் சிரித்தது.

எல்லோருக்கும் முன்னால் வர வேண்டிய சிரிப்பு மட்டும் வரவில்லை. ஃபர்சானா திரும்பிப் பார்த்தபோது தேவி எழுந்து போய்க்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் வண்டி அருகே ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"அத எடுக்காத."

"நீதானடி வந்துட்டாருன்னு முடிக்கச் சொன்ன?"

"மேடையில வார்த்தைதாண்டி வந்துச்சு. இங்க ஆளு வர்றான். வந்துட்டுத் திரும்பியும் போறான். அத நான் பாக்கணுமா?"

தேவி அன்றே திருப்போரூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு ஃபோனை எடுக்கவில்லை.

5

(இந்தப் பகுதியை எழுத நான் தயங்கினேன். ஆதியம்மாளை நான் பார்த்ததில்லை. ஃபர்சானா பேசிக் காட்டியதை அப்படியே தருகிறேன்.)

அந்தக் காட்சியே வேண்டாம் என்று முடிவு செய்து, ஃபர்சானா ஆதியம்மாளிடம் சொல்லப் போனாள்.

"அவ சொல்றான்னு வுட்றாத பாப்பா" என்றார் ஆதியம்மாள். "தேட்டர்லயாவது வரட்டும்."

ஃபர்சானா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்து எவ்ளோ நேரம் இருப்பாரு?"

"கொஞ்ச நேரந்தாம்மா. மோந்து பாத்துட்டுத் திரும்பிடுவாரு."

"திரும்ப வாணாம். உக்கார வெச்சி சோறு போடு. துண்ணு முடிக்கற வரைக்குமாவது இருக்கட்டும்."

மறுநாள், திரும்பிப் போவதோடு அதையும் எடுத்தார்கள். ஆதியம்மாளாக நடித்த பெண் பரிமாற, பன்னீர்செல்வம் உட்கார்ந்து சாம்பார் சோறு சாப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை. ஃபர்சானா கட் சொல்லவில்லை. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார், அப்போதும் அவள் சொல்லவில்லை. மானிட்டருக்குப் பின்னாலிருந்து ஆதியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பொண்ண இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லு. அவரா கேக்க மாட்டாரு."

6

ஆக, எடிட்டிங் அறையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூர்த்தி வந்து திரும்பிப் போவது தயாரிப்பாளருக்குப் பிடித்தது. வராமலே இருப்பது தேவிக்காக. உட்கார்ந்து சாப்பிடுவது ஆதியம்மாளுக்காக. நான்காவதாக ஒன்றை நான் எழுதிப் பார்த்தேன்: 'கதவைத் திறந்துகொண்டு தேவி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். எல்லோருக்கும் முன்பாகச் சிரி—'

அடித்துவிட்டேன்.

இதுவரை எழுதியதை ஃபர்சானாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"உன் கதையில அவ திரும்ப வர்றாளா?"

"இல்ல."

"வர மாதிரி எழுதிட முடியாதா?"

முடியும். ஒரு வரி போதும். அதற்காகப் பேனாவை எடுக்கவும் செய்தேன். ஆனால் எடுத்த கையோடு வைத்துவிட்டேன். தேவி எங்கோ திருப்போரூரில் உயிரோடு இருக்கிறாள். வருவதும் வராததும் அவள் இஷ்டம். என்னால் அவளை நடக்க வைக்க முடியாது.

மூர்த்தியை வேண்டுமானால் உங்களிடம் ஒப்படைக்கிறேன். பன்னீர்செல்வம் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். தட்டில் கொஞ்சம்தான் மீதி. ஃபர்சானா கட் சொல்லப்போவதில்லை, நானும் சொல்லமாட்டேன்.

உங்களால் முடிந்தால் சொல்லுங்கள்.