கிளிப் பக்கம்

என் மகளுக்கு வீட்டில் கட்டெறும்பு என்று பெயர். எதைக் கொடுத்தாலும் கடித்துத்தான் திறப்பாள். பிஸ்கட் பாக்கெட், பேனா மூடி, என் கைப்பையின் ஜிப், எல்லாவற்றுக்கும் பல்தான். கையால் செய் என்றால் முஷ்டியை மூடிக்கொண்டு அமுக்குவாள். அவளுடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கும்.

நாலு வயது முடியப்போகிற நேரத்தில் மழலையர் பள்ளி டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “ரெண்டு விரலும் சேரலைன்னா பென்சில் பிடிக்க முடியாதும்மா. இந்த வருஷமும் கீழ் வகுப்புலயே சின்னப் பசங்களோட இருக்கட்டும்” என்றார். கூட்டாளிகள் எல்லாம் மாடி வகுப்புக்குப் போக, இவள் மட்டும் கீழே நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்ப்பாளா? எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஒரு வாரம் குடுங்க. நானே ஒரு புத்தகம் செஞ்சு கொண்டுவரேன். அப்புறம் பாருங்க எம் பொண்ணை!” என்று சவால் விட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிப்போய் நிற்கும். புத்தகம் செய்யத் தெரியுமா என்றெல்லாம் அதற்குக் கவலை இல்லை.

நல்லவேளையாக, எங்கள் வீட்டில் படம் வரைகிறவள் ஒருத்தி இருந்தாள். என் நாத்தனார்தான். அவள் வரைய, நான் வெட்டி ஒட்ட, சாப்பாட்டு மேசை ஒரு வாரம் சோற்றையே பார்க்கவில்லை. தரையில் விரித்தால் பாய் நீளத்துக்கு வரும் மடிப்புப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வேலை, ஒரே ஒரு சொல். ஓட்டை போட்ட கோழிக்கு ஷூ கயிறு: ‘கோர்!’ ஜன்னல் வைத்த வீட்டுக்கு: ‘திற!’ சட்டைக்கு அழுத்துப் பொத்தான்: ‘அமுக்கு!’ பொட்டில்லாத சிறுத்தைக்கு வட்ட வட்டக் காகிதம்: ‘ஒட்டு!’ கடைசிப் பக்கம் கண்ணுக்கு வேலை. பெரிய மரம் முழுக்கப் பச்சை மெல்லிய தாளில் இலைகள், நடுவில் அதே தாளில், இலை நிறத்திலேயே ஒரு கிளி.

“இங்க ‘தேடு’ன்னு எழுது” என்றேன்.

“போங்க அண்ணி. கழுத்து வளையத்துக்கே ரெண்டு நாள் ஆச்சு. இவ்வளவு அழகா வரைஞ்சுட்டு அதோட பேரைப் போடாம விடுவேனா?” என்று சொல்லி, கொட்டை எழுத்தில் ‘கிளி!’ என்று எழுதிவிட்டாள். அவள் பிடித்தால் உடும்புப் பிடி. விட்டுவிட்டேன்.

மறுநாள் நானும் நாத்தனாரும் வகுப்பறைத் தரையில் புத்தகத்தை விரித்தோம். வாண்டுகள் சுற்றி உட்கார்ந்தன. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கட்டெறும்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்து, “கோர்!” என்றேன்.

மற்றதெல்லாம் கோர்த்தன. என் மகள் கயிற்றைச் சப்பினாள்.

“திற!” ஜன்னலைப் பல்லால் இழுத்தாள். “அமுக்கு!” குனிந்து நெற்றியால் ஒரு முட்டு முட்டினாள். “ஒட்டு!” கைநிறைய வட்டங்களை அள்ளிச் சிறுத்தையின் மூக்கில் அப்பினாள். பாவம், அதற்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் மெல்லத் தலையை ஆட்டினார். மிச்சம் இருந்ததே ஒரு பக்கம்தான். உள்ள தெம்பையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

“கிளி!”

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு ழகரம் வராது. நான் வாழைப்பழம் என்றால் வாளப்பளம் என்றுதான் விழும். என் மகளுக்கும் அப்படித்தான். அந்த வகுப்பில் யாருக்குத்தான் வரும்? ‘கோர், திற, அமுக்கு, ஒட்டு’ என்று வரிசையாகக் கட்டளை போட்டுவிட்டுக் ‘கிளி’ என்றால், அதுகளுக்கு என்ன விளங்கும்?

கட்டெறும்பு என்னை நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தைக் கிழிக்க அம்மாவே சொல்கிறாளா? அவள் முகத்தில் விளக்குப் போட்டாற்போல ஒரு சிரிப்பு வந்தது. முஷ்டியால் இலையைப் பிடித்தாள், வழுக்கியது. குனிந்து கடித்துப் பார்த்தாள். இலை அட்டையோடு படிந்திருந்ததால் பல்லுக்கு எட்டவில்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக வந்து இலையின் நுனியைப் பிடித்தன.

சர்ர்ர்!

அவ்வளவுதான். வகுப்பே மரத்தின் மேல் பாய்ந்தது.

“ஐயோ, என் கிளி!” என்று நாத்தனார் அலறினாள். அதுகள் இன்னும் வேகமாகக் கிழித்தன.

“கிளி! கிளி! அண்ணி, கிளின்னு சொல்றேன், பாருங்களேன்!” அவள் சொல்லச் சொல்ல அதுகள் உற்சாகமாகக் கிழித்தன. டீச்சர் பதறிப்போய், “பசங்களா, கிளிய விடுங்க! கிளி வேணாம்!” என்று அவர் பங்குக்குக் கத்த, வால் போயிற்று. கழுத்து வளையமும் போயிற்று. அறை முழுக்கப் பச்சை பறந்தது.

“எல்லாரும் வாயை மூடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “அவ விரலைப் பாருங்க!”

நாத்தனார் பார்த்தாள். டீச்சர் மண்டியிட்டுப் பார்த்தார். என் மகள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு விரல் நுனியால் மெல்லிசாக நூல் பிரிக்கிற மாதிரி, கிளியின் இறக்கையை ஒவ்வொரு கீற்றாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கீற்று முடிந்ததும் அதைக் கீழே வைத்து, அடுத்ததைப் பிடித்தாள். ஒருமுறைகூட வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

எனக்குக் கண் மறைத்தது. சந்தோஷத்தில் அழுகிறோமா சிரிக்கிறோமா என்றே தெரியவில்லை. நாத்தனாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மிச்சமிருந்த கிளித் தலையை அட்டையிலிருந்து பாதி உரித்து அவளிடமே நீட்டினாள். “இந்தாடி தங்கம், இதையும் கிழி. அத்தை வேற வரைஞ்சுக்கறேன்” என்றாள்.

டீச்சர் தலைமுடியில் ஒட்டியிருந்த பச்சைத் துண்டுகளைத் தட்டிவிட்டு எழுந்தார். “மாடி வகுப்புக்கே அனுப்புங்கம்மா. இந்த விரல் பென்சில் பிடிச்சுக்கும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த மரம் மட்டும் இன்னும் நாலு செஞ்சு குடுப்பீங்களா?” என்றார்.

வாசலுக்கு வருவதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து போன். வேலைக்கு நடுவில் பொறுக்கவில்லை போலிருக்கிறது. பயத்தை மறைக்க வேண்டுமென்றால் அவருக்குக் கேலிதான் வரும்.

“என்னடி, என்ன ஆச்சு? நம்ம பொண்ணு போய் என்னத்தக் கிழிச்சா?”

நடுத்தெருவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். போவோர் வருவோர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் ‘ஹலோ, ஹலோ’ என்று தவித்தார். கட்டெறும்பு இரண்டே விரலால் போனைப் பிடித்து என் கையிலிருந்து உருவினாள்.

“எல்லாத்தையும் கிளிச்சுட்டேன்ப்பா!” என்றாள்.