ஒன்று போட்டு, ஒன்று விட்டு

லூவெல்லா உள்ளே நுழைந்தால் ரோமாவின் காபிக் கடையில் பேச்சு நின்றுவிடும். இடுப்பில் துப்பாக்கி தொங்குவதாலா என்றால், அதில்லை. ஓக்லஹோமாவின் அந்தக் கோடியில் துப்பாக்கி இல்லாத இடுப்பைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆபத்து என்று ஷெரிஃபைக் கூப்பிட்டால் அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் பால் வாங்கப் போகிறவன்கூட ஒன்றைச் செருகிக்கொண்டுதான் போவான். ஆனால் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிடும் புதுசுகள். லூவெல்லாவினுடையது அவள் புருஷனின் தாத்தா காலத்து ரிவால்வர். நீளக் குழல், மரப்பிடி, ஒவ்வொரு தடவை சுடுவதற்கும் பின்னால் இருக்கும் சுத்தியலை, குதிரை என்பார்கள், கட்டைவிரலால் இழுத்து நிறுத்தவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் டெல்மரின் உயிரைக் குடித்ததும் அதே துப்பாக்கிதான். அதையே கட்டிக்கொண்டு திரிகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று ஊர் வாயில் போட்டு மென்றது.

மெல்லட்டும். ஊருக்கு வேறு என்ன வேலை?

அந்த மாதிரிப் பழைய ரிவால்வரில் ஆறு அறைகள் இருக்கும். ஆனால் ஐந்தில்தான் தோட்டா போடவேண்டும். குதிரை மடங்கி உட்காருகிற அறை காலியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி கைதவறிக் கீழே விழுந்தாலே போதும், வெடித்துவிடும். ஒன்று போடு, ஒன்றை விடு, அப்புறம் வரிசையாக நாலு போடு. கல்யாணமான புதிதில் டெல்மர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. வைக்கோல் கட்டும் இயந்திரம் அவன் இரண்டு விரல்களின் நுனியைத் தின்றபிறகு, சனிக்கிழமைதோறும் சமையலறை மேஜையில் அதைத் துடைத்துத் தோட்டா போடுவது அவள் வேலையாகிவிட்டது.

டெல்மர் செத்த அன்றைக்கு மாட்டுப்பட்டியில் தண்ணீர்த் தொட்டிமேல் குனிந்திருக்கிறான். துப்பாக்கி உறையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து வெடித்தது. லூவெல்லா ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டபோது அவனுக்குப் பேச்சில்லை. துணை ஷெரிஃப் ஹோபார்ட் வந்து துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். ஒன்று வெடித்தது, ஐந்து வெடிக்காதது. ஆறு அறையும் நிரம்பியிருந்தது.

"எப்பவும் நீதானம்மா தோட்டா போடுவ?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள். போதாதா? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் அவளைக் குழியில் தள்ளி மூடிவிட்டது.

உண்மையில் அந்த வாரம் துப்பாக்கி டெல்மரின் தம்பி ஓட்டிஸிடம் இருந்தது. நரி சுட வாங்கிப் போனவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உறையோடு கொண்டுவந்து கொடுத்தான். அவள் திறந்துகூடப் பார்க்காமல் ஆணியில் மாட்டினாள். அப்படித்தான் அவளுக்கு ஞாபகம். ஆனால் ஓட்டிஸ் அண்ணன் சவப்பெட்டிமேல் கைவைத்து, "காலியாத்தான் குடுத்தேன்" என்று சத்தியம் செய்தான். அவன் காலியாகக் கொடுத்திருந்தால் நிரப்பியது யார்? பாத்திரம் கழுவும்போது திடீரென்று நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கைகளையும் பார்ப்பாள். நீங்களா? நீங்களா போட்டீர்கள்? இரண்டு வருஷமாக இதே கேள்வி. பாவி மனசு ஒருநாள் இல்லை என்றது, ஒருநாள் ஆமாம் என்றது.

ஓட்டிஸோ அவளுடைய துணி துவைக்கும் கடைக்கு வந்து வாடிக்கையாளர்கள் முன்னால் குரைக்கத் தொடங்கினான். "எங்க டாக்கெட் வீட்டுத் துப்பாக்கி அது. கொலைகாரி இடுப்புல அதுக்கென்ன வேல?" கடைசியில் அவளுக்கு வெறுத்துப்போனது. நாளைக் காலை ரோமா கடைக்கு வா, தந்துவிடுகிறேன் என்றாள்.

அவள் வந்தபோது ஓட்டிஸ் நடு மேஜையில் பிஸ்கட் என்கிற சுட்ட ரொட்டியும் இறைச்சிக் குழம்புமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஹோபார்ட், இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுற்றிலும் காலை நேரத்துக் கூட்டம்.

"வாங்க அண்ணியாரே!" என்று ஓட்டிஸ் கையைத் தட்டினான். "எல்லாரும் காலத் தூக்கிக்கங்கப்பா. கீழ போட்டுட்டாங்கன்னா நம்ம உசுருக்கு யாரு பொறுப்பு?"

நாலு பேர் சிரித்தார்கள். லூவெல்லா தோட்டாக்களைக் கழற்றினாள். அவற்றையும் துப்பாக்கியையும் பெல்ட்டையும் மேஜையில் வைத்தாள்.

"எடுத்துக்க. இனிமே என் கடைப்பக்கம் உன் தல தெரியக்கூடாது."

"அதெப்படி? சும்மா வச்சுட்டுப் போனா ஆச்சா? எங்கண்ணன நான்தான் கொன்னேன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

"ஓட்டிஸ், விடுப்பா" என்றார் ஹோபார்ட்.

"எதுக்கு விடணும்? செத்தது உங்க அண்ணனா?" அவன் எழுந்து பெல்ட்டைக் கட்டினான். துப்பாக்கியைக் கையிலெடுத்துக் குதிரையைப் பாதி இழுத்தான். பெல்ட்டில் செருகியிருந்த தோட்டாக்களைத் தடவி எடுத்தான். கண் கூட்டத்தின்மேல், வாய் லூவெல்லாவின்மேல். "எங்க தாத்தா எங்களுக்கு மொதல்ல சொல்லிக்குடுத்ததே என்ன தெரியுமா? ஒரு அறை காலியா இருக்கணும். சின்னப் பசங்களுக்கே தெரிஞ்சது இந்த மகராசிக்குத் தெரியல."

லூவெல்லா சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். சொல்லித் தொலைத்துவிடலாம், இந்தச் சனியன் இன்றோடு ஒழியட்டும் என்றிருந்தது. "எனக்கு நெசமா ஞாபகமில்ல" என்று ஆரம்பித்தாள். "ஒருவேள நான்தான்..."

டிக். ஓட்டிஸ் ஒன்று போட்டுவிட்டு உருளையை ஓர் அறை திருப்பினான்.

அவள் காது தானாகவே அடுத்த டிக்குக்குக் காத்திருந்தது. ஒன்று போட்டபின் ஒன்றை விடவேண்டும், இரண்டு டிக் சேர்ந்து கேட்கவேண்டும். கேட்கவில்லை. அவன் இரண்டாவதைப் போட்டான். டிக். மூன்றாவது. டிக். பேசிக்கொண்டே போட்டான், எந்த இடத்திலும் தாண்டவில்லை. ஆறாவதையும் தள்ளிக் குதிரையை அதன்மேல் மெல்ல இறக்கி, உறையில் செருகிவிட்டுத் தட்டிக்கொண்டான்.

லூவெல்லா தன் கைகளைப் பார்த்தாள். எத்தனை சனிக்கிழமைகள்! விடாமல் போடுவதற்கு இந்தக் கைகளுக்குத் தெரியவே தெரியாது. அட கடவுளே, இது நானில்லை.

"எத்தன போட்ட ஓட்டிஸ்?"

"அஞ்சு. வேற என்ன?" சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது.

"எடுத்துக் காட்டு."

"உனக்கெதுக்குடி நான் காட்டணும்?"

"எனக்கு வேணாம். ஹோபார்ட்டுக்குக் காட்டு."

ஹோபார்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். ஓட்டிஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். என்ன நடை அது! இத்தனை நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன் இடுப்பில் பாம்பு கட்டியவன் மாதிரி, துப்பாக்கியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தபடி அடிமேல் அடிவைத்துப் போனான். எல்லோரும் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வண்டியருகே போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். திரும்பி நின்றால் தெரியாதா என்ன? ஒரு தோட்டா அவன் காலடியில் சரளைக்கல்லில் விழுந்து உருண்டது.

"ஐயோ, பாவி" என்றாள் ரோமா. உடனே காபிக் குடுவையோடு ஓடிவந்தாள். "லூவெல்லா, கண்ணு, ஒக்காரு. சூடா ஒரு காபி..."

"ரெண்டு வருஷமா நான் வந்தா நாற்காலிய இழுத்துத் தள்ளிப் போட்டீங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கண்ணு? உன் காபிய நீயே குடி."

ஹோபார்ட் ஏதோ சொல்ல எழுந்தார். அவரையும் தாண்டிப் போனாள்.

ஓட்டிஸ் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "அண்ணி" என்றான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "மறந்துட்டேன் அண்ணி. நரிக்காக ஆறும் போட்டேன், எடுக்க மறந்து அப்படியே குடுத்துட்டேன். அண்ணன அப்படிப் பாத்ததும் பயந்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன்டா. நம்ம ரெண்டு பேருக்கும்தானே அவன் போனான்?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவில்லை. "அவனத் தெரியாமக் கொன்ன. என்னத் தெரிஞ்சே கொன்ன. தினமும்."

அவன் அவசரமாக பெல்ட்டை அவிழ்த்து நீட்டினான். "இத நீயே வச்சுக்க அண்ணி. எனக்கு வேணாம்."

லூவெல்லா குனிந்து சரளையில் கிடந்த தோட்டாவை எடுத்து அவன் சட்டைப்பையில் போட்டாள்.

"உன் தாத்தா சொத்துதானே? நீயே கட்டு. தினமும் கட்டு. தோட்டா போடுறப்பல்லாம் எண்ணிப் போடு."

அவளுடைய கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.