ஒற்றை அடிக்கு ஓடியவன்

சின்னராசா ஓட்டம் தொடங்கும் கோட்டில் நின்றபோது பக்கத்தில் நின்ற ரத்னபாலவை நினைத்து அவனுக்குப் பயமே இல்லை. அந்தப் பொலிஸ்காரன் நல்ல ஓட்டக்காரன்தான். ஆனால் போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் சின்னராசாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதாக வந்தவன். இவனுடைய பயமெல்லாம் கயிற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தன்னுடைய ஆட்களைப் பற்றித்தான். ஊசிமலைத் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய வந்து நுவரெலியா மைதானத்தில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் நடுவில் அவனுடைய அப்பா மாயாண்டி, தோளில் தப்புப் பறையை மாட்டிக்கொண்டு நின்றார்.

அந்தத் தப்புதான் அவனை ஓட்டக்காரன் ஆக்கியது. ஓட்டத்தைத் துப்பாக்கி வெடித்துத்தான் தொடங்குவார்கள். தோட்டத்தில் துப்பாக்கி என்று ஒன்று துரை பங்களாவில் மட்டும் இருந்தது. அது தோட்டக்காட்டான் மகனை ஓடப் பழக்க வாங்கியதல்ல. மாயாண்டியோ தோட்டத்துக்குத் தப்படிக்கிறவர். விடியும் முன் அவர் தப்பு முழங்கினால்தான் தொழிலாளர் லயங்களில் அடுப்பு எரியும், பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆள் சேரும். எல்லோரையும் எழுப்பிவிட்டு, பெரட்டுக்குப் போகுமுன் கிடைக்கும் சின்ன இடைவெளியில், தேயிலை ஸ்டோர் முன்னால் இருக்கும் சமதரையில் மகனைக் குனிய வைப்பார். மெல்லிய குச்சியால் தப்பின் தோலை உருட்டிக்கொண்டே இருப்பார். மகன் இடுப்பைத் தூக்கியதும் தடித்த குச்சியால் தப்பில் ஒரே ஒரு அடி. அந்த அடியோடு அவன் போய்விட வேண்டும். மழையோ பனியோ, வருடக்கணக்காக இதே பிழைப்பு. பார்த்தவர்கள் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நேரத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

பிறகு அவர்கள் சிரிக்கவில்லை. தோட்டத்து விளையாட்டுப் போட்டியில் வென்றான், கொட்டகலையில் வென்றான். தோட்டப் பள்ளிக்கூடத்து லியனார்ட் மாஸ்டர் கையைப் பிடித்து நுவரெலியாவுக்கு அழைத்து வந்தபோது அங்கேயும் வென்றான். மற்றவர்கள் தலை நிமிர்வதற்குள் இவன் நாலு எட்டுப் போயிருப்பான். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில்தான் புதிதாக ஒன்று சொன்னார்கள்: நூறு யார் தூர ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனைக் கொழும்புக்கு, முழு இலங்கைக்குமான போட்டிக்கு அனுப்புவார்கள். முதலாவது மட்டும்தான். சுதந்திரம் வந்த கையோடு வாக்குரிமையைப் பறிகொடுத்துவிட்டு நின்ற சனங்களுக்கு, நம்ம பையன் ஒருவன் கொழும்பில் ஓடப் போகிறான் என்பது சின்ன விஷயமா? மாயாண்டி வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள்கூட லொறியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

லொறியை ஏற்பாடு செய்து தந்தவர் கணேசமூர்த்திக் கணக்கப்பிள்ளை. தப்பையும் கொண்டுபோக வேண்டும் என்று ஆட்கள் பிடிவாதம் பிடித்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு முழுவதுக்கும் இருந்தது அந்த ஒரே தப்பு. பெரட்டுக்குப் பிந்தினால் அத்தனை பேருக்கும் அன்றைய வேலை இல்லை, கொழுந்தும் மலையிலேயே முற்றிப்போகும். கடைசியில் மாயாண்டியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கொண்டு போ. ஆனா நாளைக்கு விடியக்காலையில தப்புச் சத்தம் கேட்டாகணும். கேக்கல்லைன்னா தொர என்னையக் கேப்பாரு. நான் உனக்குப் பத்துச்சீட்டு எழுதிப்புடுவேன், மாயாண்டி."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டே வெளியேற்றம். வேலை மட்டுமல்ல, குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். கொஞ்சம் தள்ளி நின்ற சின்னராசாவுக்கும் அது கேட்டது.

இப்போது கோட்டில் எல்லோரும் குனிந்தார்கள். வேலி ஓரம் அமைதியாகிவிட்டது. ஓட்டத்தைத் தொடங்கி வைப்பவர் துப்பாக்கியை உயர்த்தினார். சின்னராசா இடுப்பைத் தூக்கினான்.

தப்பில் அடி விழுந்தது.

ஒரே அடி. அவன் எதையும் நினைக்கவில்லை, காலே போய்விட்டது. பாதித் தூரம் ஓடிய பிறகுதான் பக்கத்தில் ஒருவருமில்லை, துப்பாக்கி இன்னும் வெடிக்கவில்லை என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தான். அப்பா தன் வலது கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டுமென்றேயா அடித்தார்? மகன் இடுப்பைத் தூக்கியதைக் கண்டதும், தினமும் விடியலில் நடப்பதுபோல, கை தானாக விழுந்துவிட்டது.

தலை குனிந்து கோட்டுக்குத் திரும்பி நடந்தான். அந்த நடைதான் அவன் வாழ்நாளிலேயே நீளமானது. நடுவர் ஒருவர் விரலை ஆட்டிச் சிங்களத்தில் கடுகடுத்தார். இன்னொரு தரம் முந்தினால் வெளியே போக வேண்டியதுதான் என்பதை லியனார்ட் மாஸ்டர் ஓடிவந்து தமிழில் சொன்னார். வேலியோரம் இருந்தவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. நம்ம பையன் முந்திவிட்டான், வயிற்றெரிச்சலில் திருப்பிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரே கூச்சல். மாயாண்டி தப்பைக் கழற்றிப் புல்லில் வைத்தார். உடனே ஒரு இளவட்டம் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தான் அடிப்பதாக நின்றான். மாயாண்டி அதை அவனிடமிருந்து பிடுங்கினார்.

மாஸ்டர் வேலிப் பக்கம் போய்க் கைகூப்பிக் கெஞ்சினார். சத்தம் அடங்கியது. ஆனாலும் சின்னராசாவுக்கு முன்னால் இருந்த ஓடுபாதை தெரியவில்லை. கண் தப்பின் மேலேயே நின்றது. மறுபடி குனிந்தால் மறுபடி இடுப்பைத் தூக்க வேண்டும். அப்பா கை சும்மா இருக்குமா? அது சும்மா இருந்தாலும் தன் காதை நம்பலாமா? துப்பாக்கியே வெடித்தாலும் இது அதுதானா என்று ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணத்தில் ரத்னபால போய்விடுவான். அவன் கோட்டில் குனியாமல் நின்றான். மகனின் கண் தப்பைவிட்டு நகராததை அவ்வளவு தூரத்திலிருந்தும் மாயாண்டி பார்த்துவிட்டார்.

அவர் தப்பை எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்து வடிகானுக்குப் போனார். காலையில் பெய்த மழைத் தண்ணீர் அதில் நிறைந்து ஓடியது. தப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தோல் பக்கம் கீழே இருக்க, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார்.

பனி விழுந்தாலே நெருப்பில் காட்டினால்தான் பேசும் தோல் அது. முழுக்க ஊறினால் இந்தக் குளிரில் இரண்டு மூன்று நாளைக்கு வாயைத் திறக்காது. நாளை விடியலில் பெரட்டு இருக்கிறது. கணக்கப்பிள்ளை சொன்னது இருக்கிறது. இது தெரியாதவரா அப்பா? மாயாண்டி எழுந்து, நீர் சொட்டும் தப்பை மகனுக்குத் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கினார். தடித்த குச்சியால் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வரவில்லை.

சின்னராசா முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைக்க நேரமில்லை. இனி இந்த மைதானத்தில் அவனுக்காகக் கேட்கக்கூடிய சத்தம் ஒன்றுதான். இடுப்பைத் தூக்கினான். துப்பாக்கி வெடித்தது.

ரத்னபால அன்று விட்டுக்கொடுக்கவே இல்லை. கடைசி வரை தோளோடு தோளாக வந்தான். நாடாவில் யார் நெஞ்சு முதலில் பட்டது என்று நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு ஒருவர் வந்து சின்னராசாவின் கையைப் பிடித்துத் தூக்கினார். வேலி சாய்ந்துவிட்டது. கொழும்பு, கொழும்பு என்று அவனைத் தூக்கிச் சுமந்தார்கள். தோளுக்கு மேலிருந்து அவன் தேடியது அப்பாவை. அவர் லொறியின் பின்னால் உட்கார்ந்து தன் சால்வையால் தப்பை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இருட்டு விலகுமுன்னே மாயாண்டி காம்பிராவுக்கு வெளியே விறகை எரித்துத் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அடித்துப் பார்த்தார். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் இருந்தது. மறுபடி காட்டினார். ரொம்ப நெருக்கினால் தோல் வெடித்துவிடும். அவர் முகத்தில் அவ்வளவு பயத்தைச் சின்னராசா அதுவரை பார்த்ததில்லை. தூரத்தில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையின் லாந்தர் வெளிச்சம் வந்துவிட்டது.

"குச்சியக் குடுங்கப்பா" என்றான்.

தடித்த குச்சியை வாங்கிக்கொண்டு ஓடினான். ஆத்து லயத்தின் தகரக் கதவுகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே ஓடினான். தொங்க லயத்தில் நாய்கள் துரத்தின. மேட்டு லயத்துக்குப் படியைச் சுற்றிப் போனால் நேரமாகும் என்று தேயிலைக்குள் விழுந்து நேராக ஏறினான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகள் முழங்காலைக் கிழித்தன. நேற்றைய நூறு யாரில் வலிக்காத நெஞ்சு இதில் வலித்தது. அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு கதவாகத் திறந்தது, புகை எழுந்தது.

அவன் பெரட்டுக் களத்துக்கு வந்து சேர்ந்தபோது சனம் எல்லாம் வரிசையில் நின்றது. மாயாண்டி முன்னால் தலை குனிந்து நின்றார். கையில் ஊமைத் தப்பு. கணக்கப்பிள்ளை லாந்தரை உயர்த்தி அவரைப் பார்த்தார்.

"நான் சொல்லித்தானே அனுப்பினேன், மாயாண்டி. தப்புச் சத்தம் கேக்கலையே."

மேட்டு லயத்துச் சண்முகவடிவு கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். மாயாண்டியின் நிழல்கூடத் தன் வாசலில் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவள்.

"எங்களுக்குக் கேட்டுச்சுங்க ஐயா" என்றாள்.

"எங்களுக்கும் கேட்டுச்சு" என்று ஆத்து லயத்துப் பக்கமிருந்து இன்னொரு குரல். அப்புறம் வரிசை முழுவதும் அதையே முணுமுணுத்தது.

கணக்கப்பிள்ளை அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வராத ஆள் ஒருவரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர் கூப்பிடத் தொடங்கினார். சின்னராசாவின் பெயர் வந்தபோது அவன் முழங்காலில் இரத்தம் வழிய, இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக் குனிந்து நின்றான். பதில் சொல்ல அவனிடம் மூச்சு இல்லை.

"இருக்கான்ங்க" என்றார் மாயாண்டி.