மெழுகின் மேல் போட்ட பழி

பனிச்சங்கேணியிலிருந்து மீனவன் வல்லிபுரம் கொண்டுவந்த, ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டியைத் திறந்ததும், உள்ளே மீன்தான் இருக்கிறது என்று மார்கிறட் நினைத்தாள். ஆனால் அவள் வேலைபார்க்கும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்துக்கு யாரும் மீன் கொண்டுவருவதில்லை. உப்புத் தூவிய ஐஸுக்கு நடுவில், பூப்போட்ட சேலைத் துண்டில் சுற்றிய சிறு போத்தல். அதற்குள் அவன் மனைவி இராசாத்தியின் மார்புக் கட்டியிலிருந்து ஊர் டாக்டர் வெட்டியெடுத்த சதை, கல்லாக உறைந்து கிடந்தது.

"சதை பழுதாகாம இருக்க இதுக்குள்ள போமலின் ஊத்தித்தானே தந்திருப்பாங்க?"

"ஓம் மிஸ். ஆமி சென்ரியில மணந்து பாத்துட்டு, குண்டுக்குப் போடுற மருந்தோ எண்டு கேட்டுக் கீழ ஊத்த வைச்சிட்டானுகள். பிறகு ரோட்டும் பூட்டு. ஓட்டமாவடியில மீராசாஹிப் காக்காட மீன்வாடியிலதான் கிடந்தன். கரையக் கரைய அவர் ஐஸ் தந்தார்." அவன் முகத்தில் களைப்பையும் மீறிப் பெருமை தெரிந்தது. "பாரை மீன இப்பிடி வைச்சா செவுள் சிவப்பு மாறாது. இது என்ட பொஞ்சாதிட சதை. பழுதாக விடுவனா?"

மார்கிறட் போத்தலை வாங்கி மேசையில் வைத்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கொழும்பிலிருந்து சாமான் வந்து வெகுகாலம். சதையின் நீரை எடுக்கும் ஸ்பிரிட் குறைந்துகொண்டே வந்தது. சதையைப் பதிக்கும் மெழுகைத் திரும்பத் திரும்ப உருக்கி, துணியில் வடித்துப் பாவித்தாள். புதிய அலகுகள் இல்லாததால், பழைய கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டாள்.

மெழுகில் பதித்த இராசாத்தியின் சதையை மெல்லிசாகச் சீவத் தொடங்கியதும் அது உதிர்ந்தது. மெழுகுக் கட்டியின் மேல் வாயால் ஊதி இளக்கிப் பார்த்தாள். குளிரவைத்துப் பார்த்தாள். கத்தியை மாற்றினாள். எப்படிச் சீவினாலும் கிழிந்தது. மெழுகுதான் கெட்டுவிட்டது என்று எண்ணி, அதே மெழுகில் பதித்திருந்த வேறொருவரின் குடல்வால் துண்டை எடுத்துச் சீவினாள். அது நாடா மாதிரி நீண்டு வந்தது.

மெழுகில் பிழையில்லை.

கிழிந்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்தாள். நெடுகவும் ஓட்டைகள். உள்ளே இருந்த நீர் ஐஸாகி, சதையைக் குத்திக் கிழித்திருந்தது. ஆய்வுகூட டாக்டரும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "இதில புற்றா இல்லையா எண்டு ஒண்டும் சொல்லேலாது. திரும்ப வெட்டித்தான் எடுக்கோணும்."

வல்லிபுரம் விறாந்தையில் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டான். "ஐஸ் போட்டதாலயா மிஸ்? நான் பிழை விட்டுட்டனா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. "இல்ல அண்ணன். எங்கட மெழுகு சரியில்ல."

அவன் மூச்சு விட்டான். பிறகு கோபப்பட்டான். பெட்டியைக்கூட எடுக்காமல் போனான்.

அடுத்து மழை. மழையோடு சண்டை. பனிச்சங்கேணி, வாகரைப் பக்கமிருந்து யாரும் வர முடியவில்லை. தைப்பொங்கலும் கழிந்த பிறகுதான் அவன் வந்தான். இம்முறை இராசாத்தியையே கூட்டிவந்தான். மெலிந்திருந்தாள். சிரிப்பு மட்டும் மெலியவில்லை.

"இந்த மனிசன் என்னையும் ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டுவரப் பாத்தது அக்கா. பெட்டி சின்னன், தப்பிட்டன்."

"வாய் மட்டும் குறையல்ல இவளுக்கு," என்று சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணி வாங்கப் போனான். அவன் மறையும்வரை பார்த்திருந்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"ஐஸ்தானே அக்கா, பழுதாக்கினது?"

மார்கிறட் படிவத்தில் அவள் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"எனக்கு விளங்கும். ஐஸில கிடந்து இறுகின மீன் சட்டியில கரைஞ்சு போறத நான் பாக்காததா? நீங்க மெழுகு எண்டே சொல்லுங்க. அந்தாள் தாங்காது."

அன்று ஆஸ்பத்திரியிலேயே வெட்டி, அப்போதே போமலினில் போட்ட சதை அழகாகச் சீவ வந்தது. அந்த வருடத்தில் மார்கிறட் செய்ததில் அதுதான் சுத்தமான சிலைட். டாக்டர் நெடுநேரம் குனிந்து பார்த்தார். புற்று அக்குள் வரைக்கும் போயிருந்தது.

வெயில் காலத்தில் வல்லிபுரம் தனியாக வந்தான். தாடி வளர்ந்திருந்தது. பெட்டியை எடுக்க வந்ததாகச் சொன்னான். அலுமாரியின் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை மார்கிறட் எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இராசாத்தியின் அந்தச் சேலைத் துண்டு காய்ந்து கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"முதல் தரமே உங்கட மெழுகு நல்லா இருந்திருந்தா, அவள் தப்பியிருப்பாள்தானே மிஸ்?"

மார்கிறட்டின் பின்னால் அடுப்பில் அதே மெழுகு உருகிக்கொண்டிருந்தது.

"தப்பியிருக்கலாம் அண்ணன். எங்கட பிழைதான்."

"நான் எவ்வளவு பத்திரமாக் கொண்டந்து தந்தன்."

"ஓம்," என்றாள் மார்கிறட். "பத்திரமாத்தான் கொண்டந்தீங்க."