இன்னும் ஒரே ஒரு லிஃப்ட்

மூன்றாவது டியூபும் பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றது. உருவி எடுத்தபோது நுனியில் மெல்லிய ரத்தக்கோடு. அவர் அதைக் குளியலறைச் சுவரில் ஓங்கி அடித்தார். அது சத்தம்கூடப் போடாமல் வழுக்கி விழுந்து, மேலெல்லாம் ஜெல்லியோடு வாளிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. ஆத்திரத்தில் ஒரு பொருளை எறிந்தால் அது உடையவாவது வேண்டாமா? அந்தத் திருப்தியைக்கூடத் தராத சனியன்.

"என்னங்க, முடிஞ்சிடுச்சா?" கதவுக்கு வெளியிலிருந்து மனைவி கேட்டாள்.

"முடிஞ்சா நானே வெளிய வர மாட்டேனா? போய் வேலையப் பாரு."

அவள் போகவில்லை. கதவின் கீழ் இடுக்கில் அவள் கால்களின் நிழல் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர் தன் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டார். சுவருக்குள் இருந்த குழாய் வழியே அது கடகடவென்று ஓடி இறங்கியது. காலையிலிருந்து இப்படித்தான். அந்த ஆள் இருமுகிறார், போகிறார், தண்ணீர் ஊற்றுகிறார், பாட்டு வேறு முணுமுணுக்கிறார். என்ன சாதனை செய்துவிட்டதாக இந்தப் பாட்டு? எந்தக் கெடுதலும் செய்யாத அந்த மனிதரை இவர் மனதுக்குள் வாயில் வந்தபடியெல்லாம் திட்டித் தீர்த்தார்.

அடிவயிறு கல் மாதிரி இறுகிக்கொண்டு வந்தது. கடைசியாக டியூப் போட்டு மூத்திரத்தை வெளியேற்றியது விடிகாலையில், ஆஸ்பத்திரியில். அங்கே ஆண் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்றார். "மெதுவா விடுங்க ஐயா... நிறுத்துங்க... லேசா இருமுங்க... இப்ப தள்ளுங்க" என்றார். இவர் கையாலேயே போட்டார், போனது. நேற்றும் போனது. பிறகென்ன, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "மதியத்துக்குள்ள ஒரு தடவை எடுத்துடணும். போகலைன்னா இங்க வந்துடுங்க, மறுபடியும் பையையே மாட்டிடலாம். அதோட பழகிக்கிட்டவங்க நிறைய பேர் இருக்காங்க" என்று அந்த நர்ஸ் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்லவர்தான். நல்லவர்கள் மேல் வருகிற கோபம்தான் தாங்க முடியவில்லை.

பை. மூத்திரம் சேரும் அந்தப் பிளாஸ்டிக் பை இரண்டு மாதமாக அவர் தொடையில் கட்டியிருந்தது. உட்கார்ந்தால் சூடு, எழுந்தால் கனம், திரும்பிப் படுத்தால் இழுவை. யார் வந்தாலும் மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு, குளிரடிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு உட்கார வேண்டும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பையோடு ஒரு ஆளைக் கிரேன் ஏணியில் யாரும் ஏற விடமாட்டார்கள். டியூபைத் தானே போட்டு, வெளியேற்றி, தானே எடுத்துவிடுகிற ஆளுக்கு ஏறலாம் என்று கையெழுத்துப் போடுவதாகக் கம்பெனி டாக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். பை என்றால் கீழே, கிடங்கில், ஆணி மூட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் ஒரு நாற்காலி. வாழ்க்கையெல்லாம் மற்றவர்களின் உச்சந்தலையையே பார்த்து வேலை செய்த மனிதருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

அவர் டவர் கிரேன் ஓட்டுபவர். கட்டடம் எழும்ப எழும்பக் கூடவே எழும்புகிற அந்த இரும்புக் கம்பத்தின் உச்சியில், ஒரு பெட்டிக்குள், இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அங்கே எல்லாம் உண்டு. காற்று உண்டு, வெயில் உண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் ஊர் உண்டு. ஒண்ணுக்குப் போக மட்டும் இடம் கிடையாது. ஏணி வழியே இறங்கி மறுபடி ஏறுவதென்றால் கலவை லாரி காத்துக்கொண்டு நிற்கும், கீழே ஆள் ஆளுக்குக் கத்துவார்கள். மற்ற ஆபரேட்டர்கள் கூடவே ஒரு காலி பாட்டில் கொண்டுபோவார்கள். இவருக்கு அது கேவலம். வேலைக்குப் போகும் நாளெல்லாம் தண்ணீர் குடிப்பதை விட்டார். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். அதனால் சைட்டில் அவருக்குப் பெயர் ஒட்டகம். "ஒட்டகம் ஏறிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இன்ஜினியர்கள் டீ குடிக்கப் போவார்கள். பாதுகாப்பு தினத்தன்று மேடையில் ஏற்றி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கடிகாரம் கூடத்தில் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். "ரப்பர் பேண்டை ரொம்ப நாள் இழுத்தே வச்சிருந்தா என்ன ஆகும்? அதான் உங்க மூத்திரப்பைக்கும் ஆகியிருக்கு. இனிமே அதுவா சுருங்காது."

வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். "மாமா எங்கக்கா?" என்ற குரல். மனைவியின் தம்பி. மச்சான் மட்டுமில்லை, கிரேனுக்குக் கீழே நின்று வாக்கிடாக்கியில் சிக்னல் கொடுப்பவனும் அவன்தான். ஒரு பாரத்தைத் தூக்கி இறக்கினால் அது ஒரு லிஃப்ட். கட்டடத்தின் பின்பக்கம் இறங்கும் பாரம் ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரியாது. கீழே நிற்பவனின் குரல்தான் கண். இத்தனை வருடமாக இவர் காதுக்குள் குடியிருந்த குரல் அது.

"மாமா, கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அக்கா ரொம்ப பயப்படுது."

"உன்ன யாருடா வரச் சொன்னது? சைட்ல வேலை இல்லையா?"

"அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தேன்."

"ஓஹோ! உனக்கு அரை நாள் கெடைக்குது. எனக்கு ஒண்ணுக்குப் போக அரை மணி நேரம் கெடைக்கல."

கழிவறைப் பீங்கானைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் நழுவும் லுங்கியோடு, பூட்டிய கதவைப் பார்த்து அவர் கத்தினார்.

"'மாமா, இன்னும் ஒரே ஒரு லிஃப்ட்டு மாமா!' எத்தனை தடவைடா சொன்ன? இறங்கட்டுமான்னு நான் கேக்கும்போதெல்லாம் இதையேதானே சொன்ன? அந்த ஒரு லிஃப்ட்டு என்னிக்காவது ஒண்ணோட நின்னுச்சா?"

"நான் என்ன மாமா பண்றது? எனக்கு மேல இருக்கறவங்க என்னப் போட்டு உயிரை எடுத்தாங்க."

"உனக்கு மேல இருந்தது நான்டா! அவ்வளவு உயரத்துல நான்தான்டா இருந்தேன்! ஒட்டகம்னு பேர் வச்சு, ஊரெல்லாம் கூப்பிட வச்சு..."

"பேர் வச்சது நான்தான்." மச்சானின் குரலும் இப்போது ஏறியது. "அத ஹெல்மெட்ல பெயிண்ட்டால எழுதிக்கிட்டது யாரு மாமா? நானா?"

முகத்தில் அடித்தாற்போல இருந்தது. ஆமாம், எழுதினார். ஒரு விடுமுறை நாளில் வாசலில் உட்கார்ந்து, மஞ்சள் ஹெல்மெட்டில் கறுப்புப் பெயிண்ட்டால், கொம்பும் சுழியும் பிசகாமல் எழுதினார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவில் படாரென்று ஒரு அடி விழுந்தது. அடித்தது மச்சான் இல்லை.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் மனைவி. "டிபன் பாக்ஸோட தண்ணி பாட்டில் வச்சு அனுப்புவேன். சாயங்காலம் மூடி திறக்காம அப்படியே திரும்பி வரும். அத நான் செடிக்கு ஊத்துவேன். தெனமும். செடி தழதழன்னு வளந்துச்சு. வேணாங்க, உடம்பு கெட்டுடும்னு சொன்னேன். அப்ப உங்க காதுல விழல. காலி பாட்டிலாவது கொண்டு போங்கன்னேன். நீ சும்மா இரு, உனக்கு சைட்டப் பத்தி என்ன தெரியும்னீங்க. இவன் சொல்வானாம், இவரு கேப்பாராம். என் பேச்சு மட்டும் ரெண்டு பேருக்கும் காத்தோட போச்சு. இப்ப கதவச் சாத்திக்கிட்டு ரத்தம் வர்ற வரைக்கும் குத்திக்கிட்டு நிக்கிறீங்க. கோவமா? எனக்கு வர்ற கோவத்துக்கு இந்த வீட்டையே கொளுத்தணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்காரும் சத்தம் கேட்டது.

மாடி வீட்டுக்காரர் மறுபடி தண்ணீர் ஊற்றினார். குழாய் ஓடி அடங்கும்வரை மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க மாட்டுது மாமா?" என்று மச்சான் கேட்டான். சண்டைக் குரல் இல்லை. வேலைக் குரல்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் அடிவயிறு விட்டுவைக்கவில்லை. "உள்ள. முக்கால்வாசி போனதும்."

"மாட்டினதும் என்ன பண்றீங்க?"

என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியும். குத்தினார். சாரத்தில் பாரம் மாட்டிக்கொண்டால் அரைத் தூக்கத்தில் இருக்கும் ஆபரேட்டர்கூட இழுக்க மாட்டான். பிடித்து நிறுத்திவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை காத்திருப்பான். டன் கணக்கில் இரும்பைக் கம்பியில் தொங்கவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் கீறல் விழாமல் இறக்கிய கை இது. அந்தக் கை, விரல் கனம்கூட இல்லாத ஒரு டியூபோடு மல்லுக்கட்டியிருக்கிறது. தன் உடம்பின் மேலேயே இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். புது உறையைக் கிழித்தார். ஜெல்லி பூசினார். நர்ஸ் காட்டியபடி உறுப்பை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நுனியை வைத்தார்.

"மெதுவா..." என்றது வெளியிலிருந்து குரல்.

"எனக்கு சிக்னல் குடுக்காதடா!"

"சரி மாமா." சற்றுப் பொறுத்து, "விடுங்க... மெதுவா விடுங்க..."

எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனால் கை அவரைக் கேட்கவில்லை. அந்தக் குரல் வந்ததும் விரல்கள் தாமாகவே இளகிவிட்டன. டியூப் எரிச்சலோடு, ஆனால் பதறாமல், நழுவி இறங்கியது. முட்டியது.

"முட்டுது."

"நிறுத்துங்க. தள்ளாதீங்க. பிடிச்சுக்கிட்டு அப்படியே இருங்க. காத்து அடிக்குது... அடங்கட்டும்."

இதே குரல்தான் இறங்கவிடாமல் வைத்தது. இப்போது இதே குரல் இல்லாமல் தன் மூத்திரத்தைக்கூடத் தன்னால் எடுக்க முடியவில்லை என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானமாக இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. மூச்சை இழுத்து விட்டார். இருமினார். உள்ளே எதுவோ, இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை விட்டுக்கொடுத்தது போல, தளர்ந்தது.

"இப்ப," என்றார் அவரே.

"இறக்குங்க மாமா."

போனது. முதலில் சொட்டு, பிறகு மெல்லிய தாரை, பிறகு பீங்கானில் சளசளவென்று நிற்காத சத்தம். நாள் முழுக்க ஓடும் போலிருந்தது. வெளியே இரண்டு பேரும் அதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. கேட்கட்டும். நன்றாகக் கேட்கட்டும்.

டியூபை நிதானமாக உருவி எடுத்து, கழுவி, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலம் மறுபடி செய்ய வேண்டும். நாளைக்கும். இனி உயிர் உள்ளவரைக்கும். குரல் இல்லாமல் செய்யப் பழக வேண்டும். அதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். தாழ்ப்பாளைத் திறந்தார்.

மனைவி நாற்காலியில் இருந்து எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சமையலறைக்குப் போனாள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சைட் இரைச்சலில் காது மந்தமாகிப்போனதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். போனுக்குள் காற்று இரைந்தது. அந்த இரைச்சலை இவருக்குத் தெரியும். அது உச்சியின் காற்று. இவருடைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் புது ஆபரேட்டர்.

"அண்ணே, நீங்க இல்லாததால கீழ யாரும் சரியா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. கொஞ்சம் இறங்கிட்டு வந்துடறேண்ணே. காலைலேர்ந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."

"கலவை லாரி வந்து நிக்குமேப்பா," என்றான் மச்சான். சற்றுமுன் கதவுக்கு வெளியே நின்று பேசிய அதே இதமான குரல். "கொஞ்சம் பொறுத்துக்க. இன்னும் ஒரே ஒரு லிஃப்ட்டு..."

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. திரும்பினான். ஈரக்கையோடு நிற்கும் மாமாவைப் பார்த்தான். வாய் திறந்தபடி நின்றது.

அவர் அவனைத் திட்டவில்லை. கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"கீழ இறங்கு."

"யாருங்க பேசறது?"

"ஒட்டகம்."

மரியாதையோடு குரல் வந்தது, "ஐயா, நல்லா இருக்கீங்களா? கீழ இன்ஜினியர் சத்தம் போடுவாருங்க..."

"போடட்டும். கலவை கெட்டியாகிக் கல்லாப் போகட்டும். நான் சொன்னேன்னு சொல்லு. கைப்பிடிய விட்டுட்டு எழுந்திருடா. எழுந்திரு!"

கூடம் அதிர்ந்தது. மனைவி ஒரு செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திவைத்து, பெட்டியின் இரும்புக் கதவு கிறீச்சிடுகிறதா, ஏணியின் முதல் படியில் பூட்ஸ் பதிகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றார். காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கையிலிருந்த செம்பு தளும்பி, தண்ணீர் அவர் பாதத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.