பாசிட்டிவ் என்று சொன்னார்கள்

குளிக்கும்போது இடது மார்பில் சின்னக் கட்டி தட்டுப்பட்டதும் துர்காதேவி அன்றே கணவன் குருநாதனிடம் சொல்லிவிட்டாள். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயம் அவர்களுக்கு. பழம் பறிக்கிற நேரம். அவன் செடியை அப்படியே விட்டுவிட்டு அவளை மதுரைக்குக் கூட்டிப் போனான். அவளுடைய சித்தி மார்பில் இப்படி வந்த புற்றுநோயில்தான் இறந்தாள். அந்தப் பயம் இருவருக்குமே இருந்தது.

கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கேட்கப் போன அன்று நர்ஸ் போகிற போக்கில், "பாசிட்டிவ்னு வந்திருக்கு, டாக்டர் கூப்பிடுவாங்க" என்றாள்.

டீ வாங்கி வாரேன் என்று போன குருநாதன் வெறுங்கையோடு திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"டீ எங்க?"

"கடை பூட்டிக் கெடக்கு தேவி."

"மதுரையில, பட்டப்பகல்ல? அழுதீகளாக்கும்."

உள்ளே போனதும் அவன் உட்காரக்கூட இல்லை. "பாசிட்டிவாம்ல. இன்னும் எத்தன நாளும்மா?"

டாக்டரம்மாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு சிரித்தார். "கொரோனா மாதிரி இல்லங்க இது. புற்றுநோய்தான், ஆனா இங்க பாசிட்டிவ்னா கட்டி ஹார்மோனால வளருதுன்னு அர்த்தம். அதை மாத்திரை போட்டுத் தடுக்கலாம். அது நல்ல சேதி. கட்டியும் சின்னது, அக்குள்ல இருக்குற நெறிக்கட்டிக்குப் பரவல, வேகமா வளர்ற ரகமும் இல்ல."

"எங்க சித்தி..." என்றாள் துர்காதேவி.

"அவங்க எப்பக் காட்டுனாங்க?"

"புண்ணாகி ஒழுகுன பெறகுதான்."

"அப்ப அவங்க நெலமை வேற, உங்க நெலமை வேற. உங்களுக்கு வயசு கம்மி, அதனால கவனமா இருக்கணும். திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

பஸ்ஸில் குருநாதனின் அக்கா ராமலெட்சுமி போன் செய்தாள். "அக்கா, பாசிட்டிவாம்!" என்று அவன் சந்தோஷமாகக் கத்த, அந்தப் பக்கம் ஒப்பாரியே கிளம்பிவிட்டது. துர்காதேவி போனைப் பிடுங்கினாள். "மதினி, அழாதீக. ஒங்க தம்பிக்குச் சொல்லத் தெரியல." சிரிப்பில் அவளுக்குத் தையல் போட்ட இடம் வலித்தது.

கதிர்வீச்சு முடிந்தது. மாத்திரை தொடர்ந்தது. அந்த மாத்திரையால் திடீர் திடீரென உடம்பு தீயாக எரியும். அவன் துண்டை நனைத்து அவள் கழுத்தில் போடுவான்.

மூன்றாம் வருடப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றார்கள். "வீட்டுக்கு வேணாம், தனுஷ்கோடிக்குப் போவோம்" என்றாள். அங்கே அவள் வறுத்த மீனை முள் எடுத்து ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள். அலை வந்து வேட்டியை நனைத்ததுகூடத் தெரியாமல் அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.