உப்புத் தின்ற கணையம்

எங்கள் ஊரில் கணையம் வீங்கினால் கணையத்தை மட்டும்தான் வார்டில் சேர்ப்பார்கள். ஆளுக்குக் கட்டில் கிடையாது. கூட வந்தவன் என்ற முறையில் அவன் வராந்தாவில் துண்டை விரித்துக் கிடக்க வேண்டும்.

என் கணையத்துக்கு ஜன்னலோரக் கட்டில். மச்சினன் கல்யாணத்தில் நான் குடித்த குடியை அது பக்கத்துக் கட்டில் கணையத்திடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கணையம் 'உச்' கொட்டியது. எனக்கு மானம் போயிற்று. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அதன் தலைமாட்டில் ஆரஞ்சு வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே போனார்கள். அது எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதால் ஆரஞ்சுகளை நான்தான் தின்றேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

டாக்டர் அங்கே ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மெக்னீசியம் உப்புக் கொடுத்தால் வீக்கம் சீக்கிரம் வடிகிறதா என்று பார்க்க, பாதிக் கணையங்களுக்கு உப்பு, பாதிக்கு வெறும் தண்ணீர். எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது, ஊற்றிக்கொடுத்த ஜெபமணி சிஸ்டருக்கும் தெரியாது. கணையங்களுக்குத் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்று அவற்றிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

வராந்தாவில் எங்கள் எல்லோருக்கும் ஒரே கவலை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும். அந்த விஷயத்தில் கணையம் ரொம்ப ரோஷமுள்ளது. உப்புக் கிடைத்தால் குணமாகி, சிஸ்டரோடு போய்விடும். தண்ணீர் கிடைத்தால் வீக்கத்தோடு நம்மிடமே வரும். என் கணையத்துக்குத் தண்ணீரே கிடைக்கட்டும் என்று நான் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். வேண்டும்போதே உடம்பு கூசியது. பிள்ளையாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கணையம் வீக்கம் வடிந்து, மினுமினுவென்று வெளியே வந்து, சிஸ்டரின் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நான் என்னண்ணே செய்யட்டும்? குடும்பத்துல இருந்தத நான் பிரிச்ச மாதிரி ஆயிடுச்சே" என்றார் சிஸ்டர்.

"உங்க மேல தப்பில்லம்மா."

இப்போது மூன்று வேளையும் சிஸ்டர் வீட்டுக்குப் போய், அதன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். இல்லாவிட்டால் செரிக்காது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. என்னோடு பேசுவதில்லை. நானும் அங்கேயே தங்கிவிடக் கூடாதே என்று சிஸ்டர் எனக்கு உப்பில்லாமல்தான் பரிமாறுகிறார். தெருவே பார்க்க, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் ஈரல் மெதுவாக எழுந்து போய் சிஸ்டரிடம் இரண்டு கல் உப்புக் கேட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொடுத்துடுங்கம்மா" என்றேன்.